கடுதாசி இருந்தது, காப்பு இருக்கவில்லை

மன்னார்த் தீவின் இளம் சாரதிகளை வாகனக் காப்புறுதி ஏன் கைவிடுகிறது?

அந்தக் கடிதம் ஒரேயொரு பக்கம். மேலே நிறுவனத்தின் சின்னம், நடுவில் ஆங்கிலத்தில் மூன்று பந்தி, கீழே ஒரு கையெழுத்து. பேசாலையில் அக்கா வீட்டு முற்றத்தில் கதிரையைப் போட்டு என்னை இருத்திவிட்டு, மருமகன் அதை என் கையில் தந்தான். எத்தனையோ பேரிடம் காட்டி, மடித்து, விரித்து, மறுபடி மடித்ததில் மடிப்போரம் கிழியத் தொடங்கியிருந்தது.

"மாமா, இதில என்னதான் எழுதிக் கிடக்குது? வாசிச்சுச் சொல்லுங்கோ. லைசன் இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு, டாக்ஸும் எடுத்திருக்கு. பிறகேன் காசு தரமாட்டினமாம்?"

அவனுக்கு வயது 22. லீசிங்கில் ஓட்டோ எடுத்து ஒன்பது மாதம். கொழும்பிலிருந்து இரவு ரயிலில் தலைமன்னாருக்கு வந்து இறங்குபவர்களை ஏற்றி வீட்டில் விடுவது அவனுடைய முதல் ஹயர். அன்றைக்கும் அப்படித்தான் ஒருவரை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். விடியாத இருட்டு. வளைவு தாண்டியதும் தார் வீதியின் நடுவே கழுதைக் கூட்டம். வெட்டித் திருப்பியதில் ஓட்டோ மதகுக் கட்டில் மோதிச் சரிந்தது. பயணிக்கு முழங்கையில் சிராய்ப்பு. ஓட்டோவுக்கு முன் போர்க் வளைந்து, கண்ணாடி சிதறி, கூரைக் கம்பிகள் நெளிந்துபோயின. புல் இன்சூரன்ஸ் இருக்கிறது என்ற துணிவில் அவன் அன்றைக்கு அழவில்லை. கடிதம் வந்த அன்றுதான் அழுதிருக்கிறான்.

மூன்று பந்தியையும் வாசித்தேன். சாரம் இதுதான்: வாகனம் தனிப்பட்ட பாவனைக்கென்றே காப்புறுதி செய்யப்பட்டிருக்கிறது. விபத்து நடந்த நேரத்தில் அதில் கூலிக்குப் பயணி ஏற்றப்பட்டிருந்தார். ஒப்பந்தத்தின் பாவனை வரம்பு மீறப்பட்டதால் நிறுவனத்துக்குப் பொறுப்பு இல்லை.

"சைன் வைக்கேக்க ஏஜென்ட் உன்னட்ட என்ன கேட்டவர்?"

"ஒண்டும் கேக்கேல்ல மாமா. 'பிரைவேட் போட்டால் காசு குறைவு தம்பி, அதையே போடுவம்' எண்டார். நான் ஓமெண்டிட்டன்."

இந்தப் பதிலில் கதை முழுவதும் இருக்கிறது. பணத்தைத் தட்டிவிட்டது மதகடியில் நின்ற கழுதை அல்ல. மறுப்பு அந்தக் கையெழுத்திலேயே பிறந்துவிட்டது. ஒன்பது மாதம் ஓட்டோவின் சீற்றுக்கடியில் அவனோடு கூடவே பயணம் செய்து, விபத்தன்று வெளியே வந்தது, அவ்வளவுதான்.

மன்னார்த் தீவிலும் பெருநிலப்பரப்பில் வங்காலை, நானாட்டான், முருங்கன், அடம்பன் பக்கமும் இப்படியான வாகனங்கள் தினமும் ஓடுகின்றன. ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருப்பவர்கள். காசு கட்டுகிறார்கள், கடுதாசி வைத்திருக்கிறார்கள். காப்பு இருக்கிறதா என்பது அவர்களுக்கே தெரியாது.

யாருக்காக இந்தக் காப்பு?

இலங்கையில் வீதியில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் அப்படிச் சொல்கிறது. பிரித்தானியாவில் 1930இல் கொண்டுவரப்பட்ட வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் எண்ணமே இங்கும் வேர்விட்டது. வாகனம் வைத்திருப்பவனிடம் பணம் இல்லாமல் போகலாம். அதற்காக அவனால் அடிபட்டவர் அநாதையாகக்கூடாது என்பதே அந்த எண்ணம்.

அதாவது மூன்றாம் தரப்புக் காப்புறுதி, கட்டுகிறவருக்காகச் செய்யப்பட்டதல்ல. அவருடைய வாகனத்தால் காயப்படும், உயிரிழக்கும் பிறருக்காகச் செய்யப்பட்டது. இந்த ஒரு வரி எங்கள் பெடியளில் பெரும்பாலானோருக்கு யாரும் சொல்லிக் கொடுக்காத வரி. மோட்டார் சைக்கிளில் போகும் ஒருவன் இரவில் கழுதையில் மோதி விழுந்து கால் முறிந்தால், மூன்றாம் தரப்புக் காப்புறுதி அவனுடைய சைக்கிளுக்கும் ஒரு சதம் தராது, காலுக்கும் தராது. மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலை இலவசமாகக் கட்டுப்போடும். வேலைக்குப் போகாத மாதங்களுக்கு யாரும் பொறுப்பில்லை.

பிறகு ஏன் எல்லோரும் அதையே எடுக்கிறார்கள்? வருடாந்த வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் பிரதேச செயலகத்துக்குப் போனால் இரண்டு கடுதாசி காட்டவேண்டும். ஒன்று புகைப் பரிசோதனைச் சான்றிதழ், மற்றது காப்புறுதி. ஆகவே காப்புறுதி என்பது 'டாக்ஸ்' எடுக்கத் தேவையான ஒரு துண்டு, பொலிஸ் மறித்தால் நீட்டும் ஒரு அட்டை என்ற அளவில் மனதில் நின்றுவிட்டது. ஆகக் குறைந்த விலை எது என்பதே கேள்வி. அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு அந்த வரிசையில் நேரமில்லை.

முழுக் காப்புறுதி வேறு. அது சொந்த வாகனத்தின் சேதத்தையும் ஏற்கும். லீசிங் நிறுவனங்கள் அதைக் கட்டாயமாக்குவதற்குக் காரணம் இருக்கிறது. கடன் தீரும்வரை வாகனத்தில் அவர்களுடைய பணம் இருக்கிறது. அந்தப் பணத்துக்குத்தான் முதலில் காப்பு. ஓட்டுகிற பெடியன் அதன் நிழலில் ஒதுங்கி நிற்கிறான்.

இளமைக்கு ஏன் கூடுதல் விலை?

இலங்கையில் காப்புறுதிக் கட்டணம் முதலில் வாகனத்தின் பெறுமதியையும் பாவனையையும் பார்க்கிறது. தனிப்பட்ட பாவனைக்குக் குறைவு, கூலிக்கு ஓடினால் கூடுதல். ஆனால் வயதும் வேறு வழிகளால் உள்ளே வந்துவிடுகிறது.

முதல் வழி, நோ கிளெய்ம் போனஸ். இழப்பீடு கோராமல் வருடங்கள் போகப்போக கட்டணத்தில் கழிவு ஏறிக்கொண்டே போகும். இருபது வருடம் வாகனம் ஓட்டிய தகப்பன் பெரும் கழிவோடு கட்டுவார். முதன்முதலாக வாகனம் எடுக்கும் மகன் பூச்சியத்திலிருந்து தொடங்குவான். ஒரே வாகனம், ஒரே வீதி, இரண்டு விலை.

இரண்டாவது, 'எக்ஸஸ்' என்று சொல்லப்படும் தொகை. இழப்பீட்டில் முதல் இவ்வளவை நீயே பொறுத்துக்கொள் என்பது அதன் பொருள். சில ஒப்பந்தங்களில் வயது குறைந்த சாரதிக்கும், அனுமதிப்பத்திரம் எடுத்துச் சில காலமே ஆனவருக்கும் இந்தத் தொகை கூடும். சிறு சேதங்களில் கிளெய்ம் கேட்டு என்ன பயன் என்று பெடியள் கையைவிடுவதற்கு இதுவும் காரணம்.

இவற்றுக்கு மேல், வயது பாராமல் எல்லோருக்கும் வரும் வரிகளும் அறவீடுகளும். கலவரம், பயங்கரவாதம் முதலியவற்றுக்கான காப்பு 1983 ஜூலை வன்செயல்களுக்குப் பிறகு தனி நிதியாக அமைக்கப்பட்டது. அதன் கட்டணம் இன்றும் முழுக் காப்புறுதியோடு சேர்ந்து வருகிறது. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம். கடலில் இரவு முழுவதும் வலை இழுத்தவன், காலையில் மீன்பெட்டி ஏற்றியவன் எல்லோரும் இதைக் கட்டித்தான் ஆகவேண்டும்.

இளையவர்கள் ஆபத்தானவர்கள் என்ற கணக்குக்கு அடிப்படை இல்லாமலில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 5 முதல் 29 வயது வரையானவர்களின் மரணத்துக்கு முதற் காரணம் வீதி விபத்து. இலங்கையில் ஆண்டுதோறும் 2,000க்கும் அதிகமானோர் வீதியில் இறக்கிறார்கள். அவர்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களே மிகப் பெரிய கூட்டம். இந்த உண்மையை மறைத்து இளைஞர்களுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆபத்துக் கூடியவன் என்று கூடுதலாக வாங்கினால், ஆபத்து வரும்போது அவனுக்குக் கைகொடுக்கவும் வேண்டும் என்பதே என் வழக்கு.

மன்னாரின் வீதி

மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை ஓடும் ஏ-14 வீதி தள்ளாடி என்ற இடத்தைத் தாண்டியதும் கடல் நடுவே தாம்போதியில் ஏறித் தீவுக்குள் நுழைகிறது. புதிய பாலம் 2010இல் திறக்கப்பட்டது. மன்னாரிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் போகும் ஏ-32 வீதிக்கு 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் கிடைத்தது. தலைமன்னாருக்கான ரயில் 2015 மார்ச் மாதம் மறுபடி ஓடத் தொடங்கியது. போர் முடிந்து ஆறு வருடங்களுக்குள் தீவு முழுவதும் திறந்துகொண்டது. நேரான, அகலமான, மழமழப்பான வீதிகள் வந்தன. அவற்றின் பின்னாலேயே லீசிங் நிறுவனங்களும் வந்தன. சைக்கிளும் மாட்டு வண்டியும் கண்ட ஊரில் ஒரு தலைமுறை நேரே மோட்டார் சைக்கிளில் ஏறியது.

வீதி மாறியது, வீதியில் நிற்பவை மாறவில்லை. மன்னார் நகரின் கழுதைகள் பெயர் போனவை. அரபு வணிகர்களோடு வந்தவை என்று ஊரில் சொல்வார்கள். அவற்றுக்கென ஒரு சிகிச்சை நிலையமே இங்கு தொடங்கப்பட்டது. வாகனத்தில் அடிபட்டவையும் அங்கே கொண்டுவரப்படும் என்பதே இந்த வீதிகளின் கதையைச் சொல்லும். பகலில் கடைத்தெருவில் கடதாசிப்பெட்டி மெல்லும் அதே கழுதை இரவில் சூடு ஆறாத தாரில் வந்து நிற்கும். ஏ-32இல் கட்டாக்காலி மாடுகள் அப்படியே படுத்திருக்கும். சாம்பல் நிறத் தோல், கறுப்புத் தார், விளக்கில்லாத வீதி. கண்ணில் படும்போது தூரம் போதாது.

ரயில் கடவைகளும் உண்டு. 2021 மார்ச்சில் தலைமன்னார் இறங்குதுறைக்கு அருகே கடவையொன்றில் தனியார் பேருந்து மீது ரயில் மோதியது. ஒரு பிள்ளையின் உயிர் போயிற்று. இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். மன்னார் மறக்காத நாள் அது.

இவற்றோடு உப்பு. கடற்காற்று இரும்பைத் தின்னும் என்பது இங்கே பழமொழி அல்ல, மாதாந்தச் செலவு. மீன்பெட்டி ஏற்றும் பட்டா என்ற சிறு லொறியைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். ஐஸ் உருகிய உப்புநீர் பலகை இடுக்கால் வழிந்து சேசியில் சொட்டிக்கொண்டிருக்கும். சொட்டிய இடமெல்லாம் துரு அடுக்கடுக்காய் உரியும். விபத்துக்குப் பிறகு மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பார். உடைந்தது மோதியதாலா, துருவாலா? துரு தேய்மானம். தேய்மானத்துக்குக் காப்புறுதி இல்லை. வழுக்கைத் தயரும் பிடிக்காத பிரேக்கும் அப்படித்தான்.

மறுப்பு ஒளிந்திருக்கும் இடங்கள்

மறுப்புக் கடிதங்களின் ஆங்கிலம் ஆளுக்காள் மாறும். காரணம் பெரும்பாலும் இந்த ஆறுக்குள் அடங்கும்.

முதலாவது, பாவனை. என் மருமகனின் கதை. தனிப்பட்ட பாவனைக்கு எடுத்துவிட்டு ஹயர் ஓடுவது. சொந்த மீனை ஏற்ற என்று எழுதிவிட்டு ஊரார் மீனைக் கூலிக்கு ஏற்றுவதும் இதற்குள் வரும்.

இரண்டாவது, அனுமதிப்பத்திரத்தின் வகுப்பு. 'லைசன் இருக்கு' என்பது போதாது. எதற்கான லைசன் என்பது கேள்வி. 100 சிசி வரையான மோட்டார் சைக்கிளுக்கு ஏ1, அதற்கு மேல் ஏ. முச்சக்கர வண்டிக்கு பி1, காருக்கும் பட்டாவுக்கும் பி. லாண்ட்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரத்துக்கு ஜி1, பெரிய உழவு இயந்திரத்துக்கு ஜி. ஏ1 வைத்துக்கொண்டு 150 சிசி சைக்கிளில் பறக்கும் பெடியன், சட்டத்தின் கண்ணில் அந்தச் சைக்கிளுக்கு லைசன் இல்லாதவன். அட்டையின் பின்பக்கத்தில் எல்லாம் அச்சிட்டிருக்கிறது. திருப்பிப் பார்ப்பவர் குறைவு. 'எல்' பலகையோடு பழகும் பிள்ளை பக்கத்தில் பயிற்றுவிப்பவர் இல்லாமல் ஓட்டினாலும் இதே கதிதான்.

மூன்றாவது, 'ஓப்பன் பேப்பர்'. பழைய வாகனம் வாங்கும்போது உரிமை மாற்றும் படிவத்தில் விற்றவரின் கையெழுத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வது இங்கு வழமை. பெயர் மாற்றுவதில்லை. வாகனம் இரண்டு மூன்று கை மாறியிருக்கும். பதிவுப் புத்தகத்தில் முதல் ஆளின் பெயர், காப்புறுதியில் இன்னொரு பெயர், ஓட்டுபவர் வேறொருவர். சேதத்துக்கு யாருக்குக் காசோலை எழுதுவது? உரித்தில்லாதவர் இழப்பீடு கேட்கமுடியாது. வாங்கிய வாகனத்தை உடனே தன் பெயருக்கு மாற்றாதவன், பிறருடைய வாகனத்துக்குக் காசு கட்டிக்கொண்டிருக்கிறான்.

நான்காவது, குறைத்துப் போட்ட பெறுமதி. இது கொஞ்சம் கணக்கு, பொறுமையாகப் பாருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி வரை அந்தக் கதவு திறக்கவில்லை. அந்த ஐந்து வருடத்தில் பழைய வாகனங்களின் விலை தாறுமாறாக ஏறிற்று. காப்புறுதியில் எழுதிய தொகையோ பலருக்குப் பழையபடியே இருந்தது. கட்டணம் கூடும் என்ற பயம். இப்போது சந்தையில் 10 இலட்சம் பெறும் வாகனத்தை 5 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். 2 இலட்சத்துக்குச் சேதம். முழு 2 இலட்சமும் வரும் என்று காத்திருப்பீர்கள். பாதிப் பெறுமதிக்குத்தான் காப்பு எடுத்தீர், ஆகவே பாதிச் சேதமே எங்கள் பொறுப்பு என்று விகிதாசார வாசகத்தைக் காட்டினால் கைக்கு வருவது 1 இலட்சம். அதிலும் எக்ஸஸ் போகும்.

ஐந்தாவது, சொல்லாமல் செய்த மாற்றங்களும் மீறிய வரம்புகளும். சைலன்சர் மாற்றுவது, பொடியை நீட்டுவது, ஓட்டோவில் மூன்று பேருக்கு மேல் அடைப்பது, மது அருந்திவிட்டு ஓட்டுவது. கடைசியாகச் சொன்னதற்கு நான் ஒரு சொல்லும் பரிந்து பேசமாட்டேன்.

ஆறாவது, பிந்திய அறிவிப்பும் பொருந்தாத வாக்குமூலமும். விபத்து நடந்த இடத்திலிருந்தே நிறுவனத்தின் அவசர இலக்கத்துக்கு அழைக்கவேண்டும். ஊர்ப் பெரியவர்கள் வந்து "விடு தம்பி, நாங்க கதைச்சு முடிப்பம்" என்று சமாதானம் செய்துவைத்து, இரண்டு கிழமை கழித்துச் சமாதானம் குலைந்த பிறகு கிளெய்முக்குப் போனால் பிந்திவிடும். பொலிஸ் நிலையத்தில் எழுதும் முறைப்பாடும் கிளெய்ம் படிவமும் ஒன்றையொன்று அடிக்கக்கூடாது. தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்கும் பிள்ளை, தனக்கெதிரான சாட்சியத்தில் கையெழுத்து வைப்பவனாக முடியலாம். தமிழில் எழுதும்படி கேளுங்கள். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி, கேட்பது உரிமை.

கடல் கடந்த பிள்ளைகளுக்கும் இதே சோதனை

மன்னாரிலிருந்து போய் லண்டனிலும் டொரன்டோவிலும் வளர்ந்த பிள்ளைகளிடம் கேட்டால் அவர்கள் பாடு இன்னொரு விதம். பிரித்தானியாவில் 17, 18 வயதுப் பிள்ளையின் காப்புறுதிக் கட்டணம் சிலவேளை அவர் வாங்கிய பழைய காரின் விலையைத் தொடும். ஆகவே சில வீடுகளில் தகப்பனைப் பிரதான சாரதியாக எழுதி மகன் ஓட்டுவான். அங்கே அது மோசடி. கண்டுபிடித்தால் ஒப்பந்தமே செல்லாது. சமூக வலைத்தளத்தில் மலிவாகக் காப்புறுதி எடுத்துத் தருகிறோம் என்று பொய்ப் பத்திரம் விற்கும் கும்பல்களும் இளைஞர்களையே குறிவைக்கின்றன. முன்பு ஆண்பிள்ளைக்குக் கட்டணம் கூடுதல், பெண்பிள்ளைக்குக் குறைவு என்றிருந்ததை ஐரோப்பிய நீதிமன்றம் 2011இல் பாகுபாடு என்று தீர்த்தது. கனடாவின் ஒன்ராறியோவில் தமிழர் நிறைந்த ஸ்கார்பரோ, பிரம்டன் பகுதிகளின் கட்டணம் நெடுங்காலமாகவே உயர்ந்தது. எங்கே போனாலும் மலிவுக்காக மறைத்த உண்மை, விபத்தன்று விலை கேட்கிறது.

தனுஷ்கோடிக்கு அப்பால் தமிழ்நாட்டில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. இந்தியாவில் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுக்கென்றே தீர்ப்பாயங்கள் உள்ளன. சாரதியின் அனுமதிப்பத்திரத்தில் குறை இருந்தாலும் அடிபட்டவரை வெறுங்கையோடு அனுப்பாமல், காப்புறுதி நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் அறவிடலாம் என்ற வழியை 2004இல் சுவரண் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. இலகுரக வாகன லைசன் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்குட்பட்ட சரக்கு வாகனத்தையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு தீர்த்தது. லைசன் வகுப்பைக் காட்டி மறுக்கும் வழக்குகள் பலவற்றுக்கு அது பதில் சொன்னது. அதே நாடு 2019இல் இன்னொன்றையும் செய்தது: வயது வராத பிள்ளையிடம் வாகனத்தைக் கொடுக்கும் பெற்றோருக்கு மூன்று வருடச் சிறை வரை விதிக்கலாம் என்று சட்டம் திருத்தியது. இரக்கமும் கண்டிப்பும் சேர்ந்தே வரவேண்டும்.

இலங்கையில் அப்படியான தனித் தீர்ப்பாயம் இல்லை. அடிபட்டவர் மாவட்ட நீதிமன்றத்தில் குடியியல் வழக்குத் தொடுக்கவேண்டும். நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடக் காலவரையறை. காப்புறுதி நிறுவனத்துக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்கவேண்டும். சட்டத்தரணி, தவணை, மறுதவணை. மகனைப் பறிகொடுத்த தாய் இரண்டு வருடத்துக்குள் எழுந்து நின்று இதையெல்லாம் செய்யவேண்டும் என்று எதிர்பார்க்கிறது எங்கள் முறை. மோதிவிட்டு ஓடிப்போன வாகனத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு வீதிப் பாதுகாப்பு தொடர்பான தேசிய சபையிடம் நட்டஈடு கேட்கும் வழி உண்டு. அது இருப்பதே ஊரில் பலருக்குத் தெரியாது. பொலிஸ் அறிக்கையோடு விண்ணப்பிக்கலாம்.

கடிதம் வந்துவிட்டால்?

மறுப்புக் கடிதம் கடைசித் தீர்ப்பல்ல. முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் மேன்முறையீடு செய்யுங்கள். ஒப்பந்தத்தின் எந்த வாசகத்தின்படி மறுக்கிறீர்கள் என்று கேளுங்கள். அந்த வாசகத்தின் பிரதியைக் கேளுங்கள். வாய்ப்பேச்சில் நின்றுவிடாதீர்கள்.

அங்கே தீர்வு இல்லையென்றால் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். 2005இல் தொடங்கிய அந்த ஏற்பாட்டில் காப்புறுதிதாரர் கட்டணமின்றி முறையிடலாம். நிறுவனங்களின் நடத்தையைக் கண்காணிப்பது இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. ஏஜென்ட் பொய் சொல்லி விற்றார், பதிலே தராமல் இழுத்தடிக்கிறார்கள் என்ற முறைப்பாடுகளை அதனிடம் கொண்டுபோகலாம். இரண்டு கதவுகளும் கொழும்பில்தான் இருக்கின்றன. தபாலில் தட்டலாம்.

மருமகனுக்காக இருவரும் சேர்ந்து எழுதினோம். ஏஜென்ட் சொன்னதற்குச் சாட்சி கேட்டு நிறுவனம் பதில் எழுதியது. சாட்சி எங்கே? முற்றத்தில் நின்று கதைத்த கதைக்குச் சாட்சி வேப்பமரம்தான். படிவத்திலோ அவனுடைய கையெழுத்து இருக்கிறது. சட்டப்படி நிறுவனம் சொன்னது பிழையென்று என்னால் சொல்லமுடியவில்லை. நியாயப்படி அது சரியென்றும் என்னால் ஒத்துக்கொள்ளமுடியவில்லை. ஹயர் ஓடும் சமூகத்தில், ஹயர் ஓடத்தான் எடுக்கிறான் என்று தெரிந்தே ஒரு பெடியனிடம் பிரைவேட் பத்திரத்தை விற்று ஒன்பது மாதம் காசு வாங்குவது வியாபாரமாக இருக்கலாம். காப்பு என்ற சொல்லுக்கு அது பொருந்தாது.

செய்யவேண்டியது

காப்புறுதி நிறுவனங்களுக்கு: ஒப்பந்தத்தின் முதற்பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் நான்கு வரி எழுதுங்கள். எந்தப் பாவனைக்கு, எந்த வகுப்பு லைசனுக்கு, எவ்வளவு பெறுமதிக்கு, எவ்வளவு எக்ஸஸுக்கு என்ற நான்கு வரி. வாங்குபவர் அதை வாசித்துக் கையெழுத்திடட்டும். மறுப்புக் கடிதத்தையும் அவருக்கு விளங்கும் மொழியில் அனுப்புங்கள். காசு வாங்கும்போது தமிழில் சிரித்துப் பேசிவிட்டு, மறுக்கும்போது ஆங்கிலத்துக்குள் ஒளிவது அழகல்ல.

மாவட்டச் செயலகத்துக்கும் பிரதேச செயலகங்களுக்கும்: வருமான அனுமதிப்பத்திரம் வழங்கும் அதே வரிசையில் ஓர் அறிவித்தல் பலகை வையுங்கள். ஓட்டோச் சங்கங்களோடும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களோடும் பேசுங்கள். ஒரு பின்னேரம் போதும். கட்டாக்காலிக் கால்நடைகளுக்கும் கழுதைகளுக்கும் ஒரு வழி செய்யுங்கள். இரவில் தார் வீதி அவற்றுக்கும் கொலைக்களம்தான்.

பெற்றோருக்கு: லைசன் எடுக்காத பிள்ளையின் கையில் திறப்பைக் கொடுக்காதீர்கள். அன்பால் கொடுக்கும் திறப்பு அது. ஆனால் அவன் யாரையேனும் அடித்தால் வீடும் வளவும் அவனோடு சேர்ந்து நீதிமன்றம் ஏறும்.

மருமகன் இப்போது ஹயர் பாவனைக்கு என்று எழுதிய ஒப்பந்தம் எடுத்திருக்கிறான். கட்டணம் கூடத்தான். ஓட்டோவைத் திருத்த அக்காவின் காப்புச் சோடி அடகுக் கடைக்குப் போனது. காப்புறுதி தராத காசைக் கைக்காப்புத் தந்தது. லீசிங் தவணை விபத்து நடந்த மாதத்திலும் ஒரு நாள் பிந்தாமல் கட்டப்பட்டது. பிந்தினால் ஓட்டோவை இழுத்துப்போவார்கள்.

தம்பி, தங்கச்சி, இதை வாசித்து முடித்ததும் எழுந்துபோய் உன்னுடைய காப்புறுதிக் கடுதாசியை எடு. உன் பெயர் இருக்கிறதா? நீ ஓடுகிற விதமே அதில் எழுதியிருக்கிறதா? உன் லைசனின் பின்பக்கம் அந்த வாகனத்துக்கு இடம் தருகிறதா? இன்றைய விலையில் பெறுமதி போட்டிருக்கிறதா? ஒன்றுக்கேனும் 'இல்லை' என்று பதில் வந்தால் நாளைக் காலையே போய்த் திருத்து. அடுத்த முறை ஏஜென்ட் பேனையை நீட்டும்போது, இந்த நான்குக்கும் பதில் தமிழில், எழுத்தில் வரும்வரை அந்தப் பேனையைத் தொடாதே.